சமபங்கு கடைசி வரியில்தான் வரும்

அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடையில் மூன்று பேர் உட்கார்ந்து சொந்தமாக ஒரு ஜாப் ஒர்க் பட்டறை (பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை செய்து தருவது) போடலாம் என்று பேசினால், பங்குப் பேச்சு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். "ஆளுக்கு மூணுல ஒண்ணு மச்சான், இதுல என்ன கணக்கு?" சொன்னதில் தப்பில்லை. ஆனால் அது ஒப்பந்தத்தில் கடைசியாக வர வேண்டிய வரி. பல டீட்களில், அதாவது கூட்டு ஒப்பந்தப் பத்திரங்களில், முதல் வரியும் அதுதான், இருக்கும் ஒரே வரியும் அதுதான். ராயப்பேட்டை அச்சகமானாலும் ரிச்சி தெருக் கடையானாலும் சண்டை பிறக்கிற இடம் இதுவே.

எதையும் எழுதாமல் விட்டாலும் சட்டம் சமபங்கைத்தான் சொல்கிறது. 1932-ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 13-ஆவது பிரிவு. வேறு ஏற்பாடு பேசிக்கொள்ளாவிட்டால் லாபமும் சமம், நட்டமும் சமம். எவ்வளவு உழைத்தாலும் பார்ட்னருக்குச் சம்பளம் கிடையாது. போட்ட முதலுக்கு வட்டி கிடையாது. பேசியபடி போட்ட முதலுக்கு மேல் யாராவது கைமாற்றாகப் பணம் கொடுத்திருந்தால் அதற்கு மட்டும் ஆண்டுக்கு 6 சதவீதம். மூவரில் ஒருவர் 20 லட்சம் போட்டு, மற்ற இருவர் ஆளுக்கு 5 லட்சம் போட்டு, நட்டம் 9 லட்சம் என்றால் ஆளுக்கு 3 லட்சம். முதலின் விகிதப்படி நட்டம் பிரியும் என்று நினைத்திருப்பவர்களுக்கு இது ஆடிட்டர் சொல்லித்தான் தெரிய வரும், அதுவும் நட்டம் வந்த பிறகு.

ஒரு தொழிலுக்குள் ஆள் ஆளுக்கு வேறு வேறு பொருளைக் கொண்டுவருகிறார்கள். ஒருவர் பணம் கொண்டுவருவார், ஒருவர் நாள் முழுக்க உழைப்பார், ஒருவர் தன் ஷெட்டைக் கொடுப்பார். பணத்துக்குக் கூலி வட்டி, உழைப்புக்குக் கூலி சம்பளம், ஷெட்டுக்குக் கூலி வாடகை. இந்த மூன்றையும் அவரவர் கணக்கில் கொடுத்துத் தீர்த்த பிறகு மிஞ்சுவதுதான் லாபம். அதைச் சமமாகப் பிரித்தால் யாருக்கும் உறுத்தாது. மூன்றையும் லாபத்துக்குள்ளேயே கரைத்துவிட்டு ஆளுக்குச் சமம் என்றால், காலை எட்டு மணிக்கு வந்து ஷட்டர் தூக்குபவருக்கு இரண்டாம் வருடமே மனசு கசந்துவிடும். பணம் போட்டவருக்கோ, அதே பணத்தை பேங்கில் போட்டிருந்தால் என்ற எண்ணம் வந்துவிடும்.

எண் வைத்துப் பார்ப்போம். வாடகை ஷெட், இரண்டு வி.எம்.சி. மெஷின் (கம்ப்யூட்டர் புரோகிராமில் உலோகத்தைக் குடையும் மெஷின்), ஒன்பது ஆட்கள். பார்ட்னர்கள் மூவர். முதலாமவர் 20 லட்சம் போட்டிருக்கிறார். வேறு வேலையில் இருந்துகொண்டு சாயங்காலம் வந்து கொள்முதலும் கணக்கும் பார்க்கிறார். இரண்டாமவர் புரோகிராமும் செட்டிங்கும், மூன்றாமவர் ஆர்டரும் டெலிவரியும். இருவரும் ஆளுக்கு 5 லட்சம் போட்டு முழுநேரம் நிற்கிறார்கள். ஆட்கள் சம்பளம், வாடகை, கரண்ட், டூல், பேங்க் வட்டி, தேய்மானம் எல்லாம் போக வருடத்துக்கு 24 லட்சம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

எழுதாத ஒப்பந்தத்தில் இந்த 24 லட்சமும் ஆளுக்கு 8 லட்சம். எழுதிய ஒப்பந்தத்தில் அது இப்படி இறங்கும். முதலுக்கு 12 சதவீதம் வட்டி: 2,40,000, 60,000, 60,000, ஆக 3,60,000. சம்பளம் முழுநேரக்காரர்களுக்கு மாதம் 40,000, சாயங்காலம் வருபவருக்கு 10,000; ஆக வருடத்துக்கு 10,80,000. இரண்டும் போனால் மிச்சம் 9,60,000. மூன்றாகப் பிரிய வேண்டியது இந்த எண்தான். அதிலும் ஆட்கள் பங்கு, வரி, கையிருப்பு என்று மூன்று கழிவு இருக்கிறது.

12 சதவீதத்தை ஏதோ ராசியான எண் என்று தேர்ந்தெடுக்கவில்லை. முதல் மீதான வட்டியில் செலவாக வருமான வரித்துறை ஏற்கிற உச்ச வரம்பு அதுதான். பார்ட்னர் சம்பளத்துக்கும் வரம்பு உண்டு. 2025–26 நிதியாண்டு விதிப்படி, புத்தக லாபத்தில் (பார்ட்னர் சம்பளத்தைக் கழிக்கும் முன் உள்ள லாபம்) முதல் 6 லட்சத்துக்கு 90 சதவீதம் அல்லது 3 லட்சம், இதில் எது அதிகமோ அது. அதற்கு மேலுள்ள தொகைக்கு 60 சதவீதம். நம் கணக்கில் வட்டி போன பிறகு புத்தக லாபம் 20,40,000. வரம்பு 5,40,000-உம் 8,64,000-உம் சேர்ந்து 14,04,000. நாம் கொடுப்பது 10,80,000, சிக்கலில்லை. ஆனால் இந்தச் சம்பளமும் வட்டியும் டீடில் எழுதியிருக்க வேண்டும்: தொகையாகவோ, கணக்கிடும் முறையாகவோ. "அவ்வப்போது பேசி முடிவு செய்யப்படும்" என்று மொட்டையாக எழுதினால் செலவாக ஏற்க மறுத்துவிடலாம். பின்தேதியிட்டு எழுதிக்கொள்ளலாம் என்பதும் நடக்காது. 2025 ஏப்ரல் முதல், பார்ட்னர் ஒருவருக்குச் சம்பளம், வட்டி, கமிஷன் என்று வருடத்தில் 20,000-ஐத் தாண்டினால் நிறுவனமே 10 சதவீதம் டி.டி.எஸ்., அதாவது கொடுக்கும்போதே பிடிக்கிற வருமான வரி, பிடித்துக் கட்ட வேண்டும். சின்னப் பட்டறைகள் இதைத் தவறவிட்டு வட்டியோடு கட்டுகின்றன.

சம்பளம் நிர்ணயிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: நாளைக்கு இவர் வராமல் நின்றுவிட்டால் இதே வேலைக்கு வெளியிலிருந்து ஆள் வைக்க என்ன ஆகும்? அந்தத் தொகைதான் சம்பளம். "நான்தான் இந்தக் கம்பெனிக்கே மூளை" என்பதற்குத் தனிச் சம்பளம் கிடையாது. மூளைக்குக் கூலி லாபப் பங்கில் வருகிறது. கை இறுக்கமான மாதங்களில் எதை முதலில் நிறுத்துவது என்பதையும் எழுத வேண்டும். ஆட்கள் சம்பளம், வாடகை, இ.எம்.ஐ. நிற்கக் கூடாது. கொடுக்கும் வரிசையில் அவற்றுக்குப் பிறகு பார்ட்னர் சம்பளம், கடைசியில் முதலுக்கு வட்டி. பார்ட்னர் சம்பளத்தில் கை வைக்க வேண்டி வந்தால் மூவருக்கும் ஒரே விகிதத்தில் குறைத்து, பாக்கியை அவரவர் கணக்கில் வரவு வைக்க வேண்டும். நடைமுறையில் என்ன ஆகிறது என்றால், வாய்விட்டுக் கேட்காதவருக்குத்தான் முதலில் நிற்கிறது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு.

டிராயிங்ஸ் என்று ஒன்று தனியாக இருக்கிறது: பார்ட்னர் சொந்தச் செலவுக்கு எடுக்கும் பணம். வீட்டு கரண்ட் பில், பிள்ளையின் காலேஜ் ஃபீஸ், சொந்த வண்டி பெட்ரோல் எல்லாம் கம்பெனி கார்டில் போய்விடும். அதை அன்றைக்கே அந்தப் பார்ட்னர் பெயரில் டிராயிங்ஸ் என்று பற்று எழுதிவிட்டால் ஒரு பிரச்சினையும் இல்லை. "வருட முடிவில் பார்த்துக்கலாம்" என்று செலவுக் கணக்கில் விட்டால், மார்ச் மாதம் மூன்று பேரும் ஒருவர் செலவை ஒருவர் நோண்ட வேண்டி வரும். தமிழில் பங்காளி என்ற சொல்லுக்கே தாயாதி, தகராறு வாசனை எல்லாம் உண்டு. சென்னையில் எல்லாரும் பார்ட்னர் என்று சொல்லிக்கொள்வது அதனால்தானோ என்னவோ.

இனி ஆட்களுக்கான பங்கு. தமிழ்நாட்டுக்கு இது புதிய யோசனை இல்லை. கடல் கடந்து வட்டித் தொழில் செய்த நகரத்தார் கடைகளில் ஏஜெண்டுக்கு மூன்று வருடக் கணக்கு: போகும்போதே சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணம், தவணை முடிந்து கணக்கை ஒப்படைத்துத் திரும்பும்போது அந்தக் கடையின் லாபத்தில் ஒரு பங்கு. கணக்கை ஒப்படைத்த பிறகுதான் பங்கு என்பதைக் கவனியுங்கள். இன்றைக்கும் அந்த வரிசையை மாற்றியவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதல் குழப்பம் தீபாவளி போனஸோடு. சட்டப்படியான போனஸ் லாபப் பங்கு அல்ல. 1965-ஆம் ஆண்டு போனஸ் சட்டம் இப்போது 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. ஆனாலும் கணக்காண்டில் ஒரு நாளாவது 20 பேர் வேலை பார்த்த நிறுவனத்துக்குக் குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம் என்பது மாறவில்லை. 8.33 என்பது பன்னிரண்டில் ஒன்று, அதாவது ஒரு மாதக் கணக்கு. புதிதாகத் தொடங்கிய நிறுவனங்கள் முதல் ஐந்து வருடம், லாபம் வந்த வருடத்துக்கு மட்டும் கொடுத்தால் போதும். மற்றபடி நட்டம் வந்த வருடத்திலும் குறைந்தபட்சத்தைக் கொடுத்தாக வேண்டும். ஒன்பது பேர் பட்டறைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் என்பது இங்கே எழுதாத சட்டம். "இந்த வருஷம் போனஸுக்குப் பதிலா லாபத்துல பங்கு" என்று அறிவித்த பட்டறைகளில், ஐப்பசி மாதத்திலேயே மெஷின் செட்டிங் பார்க்கும் செட்டர் பக்கத்து ஷெட்டுக்குப் போய்விடுவார். போனஸை அப்படியே விட்டுவிடுங்கள். லாபப் பங்கு அதற்கு மேல் வருவது.

எப்போது கொடுப்பது? மார்ச் 31 இரவு ஸ்டாக் எடுத்து, ஏப்ரல், மே மாதங்களில் கணக்கை முடித்தால் மே கடைசியில் எண் தெரிந்துவிடும். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும் நேரம். எல்லா வீட்டிலும் ஃபீஸ், யூனிஃபார்ம், நோட்டுப் புத்தகம் என்று பணத்துக்கு அலைவார்கள். அப்போது கைக்கு வருகிற 15,000 ரூபாய் தீபாவளிக்கு வருகிற 15,000-ஐ விடப் பெரியது. மாதாமாதம் பிரித்துக் கொடுப்பதை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. மூன்றாவது மாதமே அது சம்பளமாகிவிடும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்கிலும் சம்பளமாகப் பார்க்கப்படும் வாய்ப்பு கூடும். ஒரு மாதம் குறைந்தால் சம்பளத்தைக் குறைத்த மாதிரி முகம் மாறும்.

எதிலிருந்து எவ்வளவு? பார்ட்னர் வட்டியும் சம்பளமும் போன பிறகு, வரிக்கு முன்னால் உள்ள தொகையிலிருந்து. நம் கணக்கில் 9,60,000. அதில் 15 சதவீதம் என்றால் 1,44,000. இது செலவாகப் போவதால் வரிக்கான தொகை 8,16,000 ஆகிறது. கூட்டு நிறுவனத்துக்கு 30 சதவீத வரியும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்ந்து 31.2 சதவீதம், 2,54,592 போக மிச்சம் 5,61,408. மூன்றில் ஒரு பங்கு 1,87,136-ஐக் கையிருப்பில் வைத்தால், பார்ட்னர்களுக்குப் பிரிவது 3,74,272, ஆளுக்கு 1,24,757. இந்தப் பங்குக்கு அவர்கள் மறுபடி வரி கட்ட வேண்டியதில்லை, நிறுவனமே கட்டிவிட்டது. ஆட்களுக்குக் கொடுத்த 1,44,000-இல் நிஜமாகப் பார்ட்னர்கள் கையிலிருந்து போவது சுமார் 99,000-தான். மீதி வரியாகப் போயிருக்க வேண்டிய பணம்.

கையிருப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் ஈக்காட்டுத்தாங்கல், கிண்டிப் பக்கப் பட்டறைகளுக்குள் புகுந்தது ஞாபகம் இருக்கும். 2023 மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் முறை. இன்சூரன்ஸ் பணம் வருவதற்குள் மோட்டாரைக் கழற்றி உலர்த்தவும், டிரைவ் கார்டு மாற்றவும், வேலை இல்லாத வாரங்களில் ஆட்களுக்குச் சம்பளம் போடவும் கையில் பணம் வேண்டும். மூன்று மாத நிரந்தரச் செலவு சேரும்வரை இந்த மூன்றில் ஒரு பங்கைத் தொடக் கூடாது.

1,44,000-ஐ ஒன்பது பேருக்கு எப்படிப் பிரிப்பது என்பதில்தான் அதிகம் யோசிக்க வேண்டும். சம்பள விகிதப்படி மட்டும் பிரித்தால் ஹெல்ப்பருக்குக் கிடைப்பது பேருக்குத்தான். தலைக்குச் சமம் என்றால் பதினைந்து வருட செட்டர் முகம் சுளிப்பார். பாதிக்குப் பாதி செய்வது எங்கும் நன்றாக ஓடுகிறது. 72,000-ஐ வருகை நாள்படி தலைக்குச் சமமாகப் பிரித்தால், முழு வருகை உள்ளவருக்கு 8,000. மற்ற 72,000 சம்பளப்படி: ஒன்பது பேரின் மாதச் சம்பளம் கூட்டினால் 1,80,000 என்றால் ரூபாய்க்கு 40 பைசா. 14,000 வாங்கும் ஹெல்ப்பருக்கு 5,600, ஆக 13,600. 30,000 வாங்கும் செட்டருக்கு 12,000, ஆக 20,000. பார்ட்னரின் விருப்பப்படி "நல்லா வேலை செஞ்சவனுக்குக் கொஞ்சம் கூட" என்று ஒரு பைசாகூட ஒதுக்காதீர்கள். அந்த ஒரு கவர்தான் மொத்தத் திட்டத்தையும் கெடுக்கும். தனிப்பட்ட பாராட்டைச் சம்பள உயர்வில் காட்டலாம்.

பேப்பரில் லாபம் இருக்கும், பேங்கில் பணம் இருக்காது. பெரிய கம்பெனிக்கு வேலை செய்யும் பட்டறைகளில் பில் போட்டு 90 நாள் ஆகியும் காசு வராமல் இருப்பது சகஜம். சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாளைக்குள் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னாலும், ஆர்டர் போய்விடுமே என்று யாரும் கேட்பதில்லை. அதனால் பங்கு கணக்கிடும் லாபத்திலிருந்து 90 நாளைத் தாண்டிய பாக்கியை முதலிலேயே கழித்துவிட வேண்டும். வசூலான வருடத்தில் சேர்த்துக்கொள்ளலாம். இதை ஆரம்பத்திலேயே சொல்லாமல், பங்கு கொடுக்கும் நாளில் சொன்னால் "கணக்கு காட்டுறாங்க" என்றுதான் பேச்சு வரும்.

இன்னொரு சந்தேகம் மெஷின் வாங்கும் வருடத்தில் வரும். புது மெஷின் 28 லட்சம் என்றால் அந்த வருட லாபம் முழுக்கப் போய்விட்டதாக ஆட்கள் நினைப்பார்கள், சில பார்ட்னர்கள் அப்படியே சொல்லவும் செய்வார்கள். மெஷின் விலை செலவில் வராது, அதன் தேய்மானம் மட்டும்தான் வரும். இதை விளக்க ஒரு தாள் போதும்: மொத்த பில், மூலப்பொருளும் டூலும், ஆட்கள் சம்பளம், வாடகை கரண்ட் வட்டி தேய்மானம், பார்ட்னர் சம்பளமும் முதல் வட்டியும், மிச்சம். ஆறே வரி, தமிழில், டைம் ஆபீஸ் பக்கத்தில் ஒட்டிவிடலாம். பார்ட்னர் சம்பளம் வெளியே தெரிந்துவிடுமே என்று தயங்குபவர்கள், மூவர் சம்பளத்தையும் ஒரே எண்ணாகப் போடலாம். அந்த வரியையே மறைக்க நினைப்பவர்கள் லாபப் பங்கு பேசாமல் சம்பளத்தைக் கூட்டிக் கொடுப்பது நல்லது.

ஆட்களுக்குக் கொடுக்கும் கடிதத்தில் "நீங்களும் இந்த நிறுவனத்தின் பங்குதாரர்" என்ற மாதிரி உணர்ச்சி வரிகள் வேண்டாம். சம்பளத்தின் ஒரு பகுதியாக லாபத்தில் பங்கு வாங்குவதாலேயே ஒருவர் பார்ட்னர் ஆகிவிடுவதில்லை என்று கூட்டாண்மைச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு சொல்கிறது. நீங்களே அதைக் குழப்பிவிடாதீர்கள். அந்த ஆளுக்கும் அதுதான் பாதுகாப்பு. பார்ட்னர் என்றால் நிறுவனக் கடனுக்கு அவர் வீடும் பொறுப்பு. கடிதத்தில் இருக்க வேண்டியவை: எந்த எண்ணில் எத்தனை சதவீதம், எத்தனை மாதம் வேலை பார்த்தால் தகுதி (ஆறு மாதம் நியாயம்), நடுவில் நின்றவருக்கு வேலை பார்த்த மாதங்களுக்கு உண்டா, நட்ட வருடத்தில் பூஜ்யம் என்பது, ஒரு வருட நட்டம் அடுத்த வருட லாபத்தில் கழியுமா. கடைசிக் கேள்விக்கு, கழியக் கூடாது என்பது எங்கள் கருத்து. நட்டத்தைத் தீர்மானித்தது ஆட்கள் இல்லை.

இரண்டே பேர் கூட்டு என்றால் ஓட்டு இழுபறிதான். மூன்று பேரில் சாதாரண விஷயங்களுக்குப் பெரும்பான்மை செல்லும், தொழிலின் தன்மையையே மாற்றுவதற்கு எல்லாரும் ஒப்ப வேண்டும். இருவரில் பெரும்பான்மை ஏது? அதற்கு முன்கூட்டியே பகுதி பிரித்துக்கொள்ள வேண்டும்: உற்பத்தியில் இவர் சொல்வது முடிவு, விலையிலும் கடன் கொடுப்பதிலும் அவர் சொல்வது முடிவு, 50,000-க்கு மேல் செலவென்றால் இரண்டு கையெழுத்து. அப்படியும் முட்டிக்கொண்டால் பிரிய ஒரு வழி இருக்கிறது. மாங்காயை ஒருவன் வெட்ட இன்னொருவன் எடுப்பது மாதிரி, ஒருவர் விலை சொல்வார். அந்த விலைக்கு வாங்கிக்கொள்வதா, விற்றுவிடுவதா என்று மற்றவர் தேர்ந்தெடுப்பார். கையில் ரொக்கம் உள்ளவருக்கு இது சாதகம் என்பதால், பணம் புரட்ட 90 நாள் அவகாசம் என்று சேர்த்து எழுத வேண்டும்.

ஒருவர் இறந்தால், டீடில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழியக் கூட்டு கலைந்துவிடும். எழுதியிருந்தாலும் இரண்டு பேர் நிறுவனத்தில் ஒருவர் போய்விட்டால் கூட்டு என்பதே மிஞ்சாது. இதைப் பலரும் யோசிப்பதில்லை. மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் "மீதிப் பேர் தொடர்வார்கள், வாரிசுக்குத் தொகை சேரும், இருக்கை சேராது" என்று எழுதலாம். தொகை என்பது முதல் கணக்கில் உள்ள இருப்பு, கையிருப்பில் பங்கு, கடைசி மூன்று வருடச் சராசரி லாபத்தில் அவர் பங்கின் ஒரு மடங்கு குட்வில்லாக (தொழிலின் நற்பெயருக்கான மதிப்பு). 24 மாதத் தவணை. மடங்கைக் கூட்டியோ குறைத்தோ வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எல்லாரும் உயிரோடும் சிநேகத்தோடும் இருக்கும்போது எழுதுங்கள். தொகை தீராமல் அவர் பங்கு சொத்தை வைத்துத் தொழில் தொடர்ந்தால், அதிலிருந்து வந்த லாபத்தையோ 6 சதவீத வட்டியையோ கேட்க அவர் தரப்புக்கு உரிமை உண்டு.

இவ்வளவும் எழுதிய டீடை மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யாமல் பீரோவில் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். பதிவு கட்டாயமில்லை என்று சொல்லியிருப்பார்கள். உண்மைதான். ஆனால் பதிவில்லாத நிறுவனம் பில் பணம் தராத பார்ட்டி மேல் ஒப்பந்தத்தை வைத்து வழக்குப் போட முடியாது. பார்ட்னர் மேல் பார்ட்னரும் போட முடியாது. கூட்டைக் கலைத்துக் கணக்கு கேட்க மட்டும் முடியும்.

விலகிப் போகும் பார்ட்னர் கையெழுத்துப் போட்டுக் கைகுலுக்கியதோடு முடிவதில்லை. அரசிதழிலும் ஒரு தமிழ்ப் பத்திரிகையிலும் அறிவிப்பு வர வேண்டும், பதிவாளருக்கும் தெரிவிக்க வேண்டும். அதுவரை வெளியாருக்கு அவரும் பொறுப்புதான். பேங்க் கடனுக்குப் போட்ட தனிநபர் ஜாமீன் டீட் எழுதியதால் கழன்றுவிடாது, விடுவித்ததாக பேங்கிடமிருந்தே கடிதம் வாங்க வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவில் பெயர் நீக்கம், செக் கையெழுத்து மாற்றம், கரண்ட் இணைப்பு அவர் பெயரில் இருந்தால் அதுவும். இதையெல்லாம் ஆடிட்டர் நினைவுபடுத்திவிடுவார். யாரும் நினைவுபடுத்தாத ஒன்று பேங்க் கணக்கில் பதிவான மொபைல் நம்பர். ஆட்களுக்குச் சம்பளம் ஏற்றும் நாளில் ஓ.டி.பி. போய் நிற்பது, ஆறு மாதம் முன்பு விலகிப் போனவரின் போனில்.